ஒட்டிய இறகு

தாண்டிக்குடிக்கு ஏறும் மலைப்பாதையில், காப்பித் தோட்டங்கள் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. ஓட்டுக்கூரை, நான்கு அறைகள், பின்னால் ஒரு கிணறு. வேதவல்லி அம்மா அங்கே குருவாக இருந்தார். வயது நாற்பத்து மூன்று. சீடர்கள் ஆறு பேர். அவர்களில் ஐந்து பேர் அவரைவிட மூத்தவர்கள்.

ஏகாம்பரம் கடைசியாக வந்து சேர்ந்தவர். அறுபத்து மூன்று வயது. கும்பகோணத்தில் நாற்பது வருடம் கைக்கடிகாரங்களைப் பழுது பார்த்தவர். மனைவி இறந்த பிறகு கடையை மூடிவிட்டு மலைக்கு வந்தார்.

வந்த அன்றைக்கே கேட்டார். "நான் என்ன பயிற்சி செய்யணும்மா?"

"கூட வாங்க" என்று அம்மா அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

அங்கே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மூங்கில் கொம்பு குறுக்கே கட்டியிருந்தது. அதன்மேல் ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது. உடம்பு சாதாரண நாட்டுச்சேவல் அளவுதான். வால் மட்டும் கொம்பிலிருந்து இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. கறுப்பு நிறம். வெயில் பட்ட இடத்தில் பச்சையாக மினுங்கியது.

"சாயங்காலம் இதைக் கீழே இறக்கி நடக்க விடணும். நடக்கும்போது வால் மண்ணுல படக் கூடாது. நீங்க பின்னால வாலைத் தாங்கிக்கிட்டுப் போங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தியானம் கற்றுக்கொள்ள வந்தவருக்குச் சேவலின் வால் கிடைத்தது. அவர் மறுக்கவில்லை. தினமும் சேவல் போன வழியெல்லாம் போனார். அது நின்றால் நின்றார். அது மண்ணைக் கிளறினால் காத்திருந்தார். முதல் மாதம் முதுகு வலித்தது. பிறகு பழகிவிட்டது.

அந்த இனம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு தோட்டத்து துரை கப்பலில் கொண்டுவந்ததாகச் சொன்னார்கள். மற்ற சேவல்களுக்கு வருடா வருடம் வால் உதிர்ந்து முளைக்கும். இதற்கு நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் உதிரும். அதனால்தான் அந்த நீளம். மடத்தில் இருந்தது இந்த ஒரு சேவலும் இரண்டு கிழட்டுப் பெட்டைகளும்தான். பெட்டைகள் இரண்டும் சேவலுக்கு உடன்பிறந்தவை. அவை இட்ட முட்டைகளில் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்தன. பொரித்து வந்த ஒன்றிரண்டும் பிழைத்து நிற்கவில்லை.

இதே இனத்தில் வேறு வழியில் வந்த இரண்டு பெட்டைகள் வத்தலக்குண்டில் இருந்தன. அவற்றை வைத்திருந்தவர் ஹசீனா பானு. மாவு மில் நடத்துபவர். அவருடைய அத்தா வளர்த்த கோழிகள் அவை. சேவலைப் பார்த்துப் பிடித்தால் இரண்டையும் மடத்துக்கே தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பங்குனியில் வருவதாகவும் சொல்லியிருந்தார்.

"அவங்க எதைப் பாப்பாங்க?" என்று ஏகாம்பரம் கேட்டார்.

"வாலைப் பாப்பாங்க. இறகு நடுவுல உதிர்ற சேவலா இருந்தா வேண்டாம்னு போயிடுவாங்க. அந்தக் குணம் குஞ்சுக்கும் போகும்."

தை மாதம் ஒரு நாள் அம்மா வேலையாகத் திண்டுக்கல் போயிருந்தார். சாயங்காலம் ஏகாம்பரம் வழக்கம்போலச் சேவலை வெளியே நடத்திப் போனார். பாதையில் ஒரு கணவன் மனைவி ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். வாலைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள்.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாமா ஐயா?"

"எடுத்துக்கங்க."

"நீங்க பிடிச்சிருக்கிறதால வால் முழுசாத் தெரியலையே."

பக்கத்தில் ஒரு பாறை இருந்தது. ஏகாம்பரம் வாலை அதன்மேல் விசிறி போலப் பரப்பி வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். அவர்கள் படம் எடுத்தார்கள். "இத்தனை அழகா ஒரு சேவலைப் பாத்ததே இல்லை" என்று அந்தப் பெண் சொன்னார். அதை அவர் தன்னைச் சொன்னது போலக் கேட்டுக்கொண்டு நின்றார்.

வளைவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சேவல் மிரண்டு குதித்து உண்ணிச்செடிப் புதருக்குள் ஓடியது. ஏகாம்பரம் பின்னால் ஓடிப் பிடித்தார். வால் இறகுகளை முள்ளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். மிக நீளமான இறகு, அடியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒடிந்திருந்தது. மிச்சம் புதரிலேயே தொங்கியது.

வந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா திரும்பி வர இரண்டு மணி நேரம் இருந்தது. ஏகாம்பரம் சேவலையும் ஒடிந்த துண்டையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்ப் பழைய தகரப் பெட்டியைத் திறந்தார். அதில் கடையிலிருந்து கொண்டுவந்த கருவிகள் இருந்தன. இறகின் தண்டு உள்ளே மெத்தென்று தக்கை போல இருந்தது. மூங்கிலில் ஒரு மெல்லிய சிராய் சீவி, இரு முனையையும் ஊசி போலக் கூர்மையாக்கினார். ஒரு முனையை ஒடிந்த துண்டுக்குள்ளும், மறு முனையைச் சேவலில் நின்ற தண்டுக்குள்ளும் செருகினார். வேலம்பிசின் தடவினார். கடிகாரக் கடையின் உருப்பெருக்கிக் குழலைக் கண்ணில் பொருத்திக்கொண்டு இறகின் இழைகளை ஒன்றோடொன்று சேர்த்து நீவினார். வேலை முடிந்ததும் இணைப்பு எங்கே இருக்கிறது என்று அவரே தேட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அம்மா சேவலுக்குத் தினை வைக்க வந்தார். வைத்துவிட்டு, எப்போதும் செய்வதுபோல வாலை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவிவிட்டார். ஓர் இடத்தில் கை நின்றது. பிறகு கீழே போனது.

"இனிமே தினை வைக்கிறதும் நீங்களே பாத்துக்கங்க" என்றார். "கொம்பு கழுவுறது, வாலைக் கழுவுறது, எல்லாம் உங்க பொறுப்பு. நான் இந்தப் பக்கம் வரல."

"சரிம்மா."

தன்மேல் நம்பிக்கை வைத்துக் கொடுத்த பொறுப்பு என்று ஏகாம்பரம் அதை எடுத்துக்கொண்டார். அப்படித்தான் எடுத்துக்கொள்ள விரும்பினார். வாலைக் கழுவும்போது, பிசின் இளகிவிடாமல், அந்த இணைப்பை மட்டும் நனைக்காமல் விட்டார்.

பங்குனியில் ஹசீனா பானு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பேச்சு குறைவு. வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு நேராகக் கொம்படிக்குப் போனார். சேவலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் காலைப் பார்த்தார். பிறகு மூக்கு, கண், இறக்கையின் உள்பக்கம். கடைசியில் வாலுக்கு வந்தார். ஒவ்வோர் இறகையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அடியிலிருந்து நுனிவரை உருவினார்.

ஏகாம்பரம் பக்கத்தில் நின்றார். அந்த இறகின் முறை வந்தது. கட்டைவிரல் இணைப்பை நெருங்கியது. தாண்டியது. நிற்கவில்லை.

நாற்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமான வேலை செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை உணர்ந்ததும் காது சூடாகியது.

ஹசீனா பானு எழுந்தார். "நல்லாயிருக்கும்மா. ஒரு இறகு கூட உதிரல. வாலைப் பாத்துக்கிட்டது யாரு?"

"அவர்தான்" என்று அம்மா காட்டினார்.

"நல்ல கை ஐயா உங்களுக்கு" என்று ஹசீனா பானு சொன்னார். "கோழி ரெண்டும் இப்ப அடையில உக்காந்திருக்கு. பத்து நாள் கழிச்சு வாங்க. கூடையில போட்டுத் தர்றேன்."

ஏகாம்பரம் தலையை ஆட்டினார். அம்மா ஹசீனா பானுவின் பையை வாங்கிக்கொண்டார். விருந்தாளியைப் பஸ் ஏற்றிவிடப் போனார்.

அதன் பிறகு மூன்று நாள் ஏகாம்பரம் வழக்கம்போலச் சேவலை நடத்திப் போனார். சாயங்காலம் வாலைத் தாங்கிக்கொண்டு நடக்கும்போது கையில் இருபது இறகுகள் இருந்தன. அவருக்கு ஒன்றுதான் தெரிந்தது. அந்த ஒன்றின் எடை மட்டும் வேறாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அதை எடுத்துவிட முடியும் போலிருந்தது.

நான்காம் நாள் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து மிளகைக் காம்பிலிருந்து உதிர்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் இருவரும் உதிர்த்தார்கள்.

"அம்மா, சேவலுக்கு இறகு ஒடிஞ்சா என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். அடுத்த தடவை வால் உதிர்ற வரைக்கும் ஒடிஞ்ச மாதிரியே நிக்கும்."

"இதுக்கு உதிர்றதுக்கு நாலஞ்சு வருஷம் ஆகுமே."

"ஆகும்."

"ஒட்டினா?"

"ஒட்டினாலும் நிக்கும். நல்லா ஒட்டினா நல்லாவே நிக்கும்."

"வளருமா?"

"வளராது."

ஏகாம்பரம் கையிலிருந்த கொத்தில் மிளகு தீர்ந்திருந்தது. வெறும் காம்பையே உருவிக்கொண்டிருந்தார்.

"வேற வழியே இல்லையா?"

"அடித்தண்டோட பிடுங்கணும். பிடுங்கின குழியில மூணு வாரத்துல புதுசு முளைக்கும்."

"சேவலுக்கு வலிக்குமா?"

"வலிக்கும்."

அவர் காம்பைக் கீழே போட்டார். "நான்தான் ஒடிச்சேன். தை மாசம், நீங்க திண்டுக்கல் போனப்ப. ரெண்டு பேருக்கு அழகு காட்டுறதுக்காக வாலைப் பாறையில விரிச்சு வெச்சேன். பிறகு ஒட்டிட்டேன். அந்தம்மாவும் கண்டுபிடிக்கல."

அம்மா மிளகை முறத்தில் அள்ளினார். "கையைக் கழுவிட்டு வாங்க."

கொம்படியில் அம்மா சேவலை அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஏகாம்பரம் அந்த இறகைத் தேடாமலே எடுத்தார்.

"எப்படிம்மா?"

"ஒரு கையால இறகோட அடியில இருக்கிற சதையை அமுக்கிக்கங்க. இறகு எந்தப் பக்கமா முளைச்சிருக்கோ அந்தப் பக்கமாவே இழுங்க. சாய்ச்சு இழுத்தா குழி கிழிஞ்சிடும். பிறகு எப்பவுமே முளைக்காது."

"நீங்களே பிடுங்கிடுங்களேன்."

"எனக்கு ரெண்டு கையும் சேவல் மேல இருக்கு."

ஏகாம்பரம் அடியிலிருந்த சதையை ஒரு கையால் அமுக்கினார். சேவல் அவரைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விரலை இறுக்கி இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். சேவல் ஒரே ஒரு சத்தம் போட்டது. இறகு கையோடு வந்துவிட்டது. குழியில் கடுகளவு ரத்தம் கோத்தது. அம்மா மஞ்சள் பொடியை வைத்து அமுக்கினார்.

ஐந்தரை அடி இறகு. ஏகாம்பரம் அதைச் சுருட்டாமல் ஒரு பழைய வேட்டியில் வைத்துச் சுற்றினார்.

"நான் வத்தலக்குண்டு போய்ட்டு வர்றேன்மா."

"போய்ட்டு வாங்க."

பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தைக் குறுக்கே வைத்துக்கொள்ள இடமில்லை. மலை இறங்கும்வரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஹசீனா பானு மில்லில் இருந்தார். முகத்திலும் புருவத்திலும் மாவு படிந்திருந்தது. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். ஏகாம்பரம் வேட்டியை விரித்து இறகைக் காட்டினார். இணைப்பு இருந்த இடத்தைத் தண்ணீர் தொட்டு நனைத்தார். பிசின் இளகியது. இரண்டு துண்டுகளையும் பிரித்து மூங்கில் சிராயை வெளியே எடுத்து வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

ஹசீனா பானு முழுக்கக் கேட்டார். பிறகு இறகின் அடித்தண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது ஒடிஞ்ச இறகு ஐயா. உதிர்ந்தது இல்லை. ஒடிஞ்சதுக்கும் உதிர்ந்ததுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? முள்ளுல மாட்டி ஒடிஞ்சதெல்லாம் குஞ்சுக்கா போகப்போகுது?"

ஏகாம்பரம் அவரைப் பார்த்தார்.

"ஒடிஞ்சிருச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அதுக்கென்னன்னு கோழியக் குடுத்திருப்பேன். அதை ஒரு குறையா நினைச்சிருக்கவே மாட்டேன்."

"தெரியாமப் போச்சும்மா."

"இப்ப என்னால குடுக்க முடியாது. ஒரு இறகு ஒட்டினதுன்னு என் கைக்குத் தெரியல. மத்த இறகு எல்லாத்தையும் நான் எப்படி நம்புறது?"

"மத்ததெல்லாம் ஒரிஜினல்தான்."

"இருக்கலாம். நான் பாக்கணும். ஒவ்வொண்ணையும் ஈரத்துணியால துடைச்சுப் பாக்கணும். பிடுங்கின இடத்துல முளைக்குதான்னும் பாக்கணும். ஆவணியில வர்றேன்."

அவர் கோபப்படவில்லை. ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஏகாம்பரம் குடித்துவிட்டு எழுந்தார். மில்லின் பின்பக்கம் வலைக்கு உள்ளே இரண்டு பெட்டைகளும் அடைப்பானையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்று செம்பழுப்பு. இன்னொன்று கொஞ்சம் வெளிர் நிறம்.

மடத்துக்குத் திரும்பியதும் மற்ற ஐந்து பேரிடமும் அவரே சொன்னார். யாரும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "அந்த இறகு எங்கே?" என்றார். "அவங்க வெச்சுக்கிட்டாங்க" என்று ஏகாம்பரம் சொன்னார்.

மூன்றாவது வாரம் குழியில் ஒரு முளை தெரிந்தது. கருநீலத்தில், உறை போட்ட ஊசி போல இருந்தது. உள்ளே ரத்தம் ஓடுவது தெரிந்தது. ஏகாம்பரம் அதன்மேல் கை படாமல் வாலைத் தாங்கக் கற்றுக்கொண்டார். யாராவது படம் எடுக்கக் கேட்டால் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "இப்படித்தான் தெரியும். இப்படியே எடுத்துக்கங்க" என்றார்.

ஆனியில் மடத்துக் கிழட்டுப் பெட்டை ஒன்று முட்டையிடுவதை நிறுத்தியது. ஆடியில் வத்தலக்குண்டுப் பக்கம் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்ததாகத் தகவல் வந்தது. ஏகாம்பரம் தினமும் கீழே போகும் பஸ் டிரைவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். டிரைவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆவணியில் ஹசீனா பானு வந்தார். கையில் ஒரு கூடை இருந்தது. அதைத் திறக்காமலே கீழே வைத்துவிட்டு ஈரத்துணியோடு உட்கார்ந்தார். பத்தொன்பது இறகுகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். அரை நாள் ஆனது. கடைசியில் புதிய இறகை எடுத்தார். ஒன்றரைச் சாண் வளர்ந்திருந்தது. அதைத் துடைக்கவில்லை. விரல் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கூடையைத் திறந்தார். செம்பழுப்புப் பெட்டை மட்டும் இருந்தது.

"இன்னொண்ணு ஆடியில போயிருச்சு" என்றார். "கழிச்சல். எங்க தெருவுல ஒரு கோழி மிச்சமில்லை. இது எப்படியோ தப்பிச்சுது."

மலையில் அந்த வருடம் கழிச்சல் வரவில்லை. அதை யாரும் சொல்லவில்லை. ஏகாம்பரம் கூடையை வாங்கிக்கொண்டார்.

ஹசீனா பானு கிளம்பும்போது அவரைப் பார்த்து, "குஞ்சு பொரிச்சா சொல்லி அனுப்புங்க. எத்தனை நின்னுது, எத்தனை செத்துதுன்னு ரெண்டையும் சொல்லணும்" என்றார்.

"ரெண்டையும் சொல்றேன்மா."

பஸ் போனதும் ஏகாம்பரம் பெட்டையைக் கொம்படியில் இறக்கிவிட்டார். அது இரண்டு நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு மண்ணைக் கிளற ஆரம்பித்தது. சேவல் மேலிருந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஏகாம்பரம் வாலைக் கையில் ஏந்தி அதைக் கீழே இறக்கினார். இறகு பிடுங்கிய நாளுக்குப் பிறகு அம்மா அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் வந்தார். கிணற்று மேடையில் உட்கார்ந்தார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"உங்களுக்கு மறுநாள் காலையிலேயே தெரியும். உங்க கை நின்னுச்சு. நான் பாத்தேன்."

"ஆமா. தெரியும்."

"அன்னிக்கே பிடுங்கியிருந்தா இந்நேரம் இதைவிட அரைச் சாண் கூடுதலா வளர்ந்திருக்கும். பங்குனியில அந்தம்மா வந்தப்ப விஷயம் முடிஞ்சிருக்கும். ரெண்டு கோழியும் அப்பவே இங்க வந்திருக்கும். அது செத்திருக்காது."

"செத்திருக்காது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. ஏன் சொல்லல?"

அம்மா பெட்டையைப் பார்த்தார். அது கிளறிய மண்ணில் ஒரு புழு கிடைத்திருந்தது. சேவல் நெருங்கி வந்தது. ஏகாம்பரம் வாலை விடாமல் அதன் பின்னால் ஓர் அடி நகர்ந்தார்.

"அந்தக் கோழி போனது நஷ்டம்தான்" என்றார் அம்மா. "அதுல என் பங்கும் இருக்கு. இல்லைன்னு சொல்லல."

பெட்டை புழுவை விழுங்கி முடித்ததும் சொன்னார்.

"அன்னிக்கே நான் பிடுங்கியிருந்தா, இறகு மட்டும்தான் வளர்ந்திருக்கும்."